சர்வே நம்பர் 87/4-இல் நின்ற படகு

அடைக்கலசாமியின் வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். ஏறி முடித்ததும் மூன்று படி இறங்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால், "வீடு அப்படி அமைஞ்சிபோச்சு தம்பி" என்பார். இருபத்தெட்டு அடி நீளம், நடுவில் எட்டடி அகலம், இரண்டு முனையும் கூம்பிப் போயிருக்கும். சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒரு பீரோவைக்கூட ஒட்டி நிறுத்த முடியாது. மேலே மூங்கில் கட்டிக் கீற்று வேய்ந்திருக்கிறது. கீழே ஆறு பனந்துண்டுகள் தாங்குகின்றன. இதைப் படகு என்று சொன்ன யாரோடும் அவர் ஆறு வருடமாகப் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

அது படகுதான். என் தாத்தாவின் பாய்மரப் படகு. பெயர் 'அடைக்கல மாதா'. நாகப்பட்டினத்தில் ஓடியது.

தாத்தா அதை எழுபத்தாறாம் வருடம் விற்றுவிட்டார். பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி விசாரித்ததில்லை. போன வருடம் திருச்சியில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த என் அப்பா, மருந்து விட்டு மங்கிய கண்ணோடு, "ஜெரால்டு, படகு என்னாச்சுடா?" என்று கேட்டார், ஏதோ காலையில் வாசலில் நிறுத்திவிட்டு வந்த சைக்கிளைக் கேட்பதுபோல. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அவர் கேட்டதையே மறந்துவிட்டார். எனக்குத்தான், வேலை பார்க்கும் நார்வேக்கு, பெர்கனுக்குத் திரும்பிய பிறகும் தூக்கம் வரவில்லை. தஞ்சாவூரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன் நான். கவலைப்படுவதை மட்டும் இரண்டிலும் சரளமாகக் கற்றுக்கொண்டேன். நவம்பரில் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

படகை விலைக்கு வாங்கியவர் ஹாஜா மைதீன் என்கிற மரவியாபாரி. திருப்பனந்தாளில் மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்தவர். அவர் இப்போது இல்லை. மகன் ஃபஹத் அதே இடத்தில் பிளைவுட் கடை நடத்துகிறார். நான் தாத்தாவின் பழைய போட்டோவை நீட்டியதும் அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"இந்தப் படகா? இது வழியில வந்துக்கிட்டிருக்குங்க."

"எந்த வழியில?"

"வலங்கைமான் வழியில. எழுபத்தாறுலேர்ந்து."

அவர் சொன்ன கதை இது. நாகப்பட்டினத்திலிருந்து லாரியில் ஏற்றி வரும்போது வலங்கைமானுக்குக் கிழக்கே நல்ல மழை. சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வண்டியை மீட்க வேண்டுமானால் பாரத்தை இறக்கியாக வேண்டும். படகைப் பக்கத்துப் பள்ளத்தில் சரித்து இறக்கி, அங்கே வேலை செய்துகொண்டிருந்த சவரிமுத்து என்பவரைக் காவலுக்கு வைத்து, "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஹாஜா மைதீன் போயிருக்கிறார்.

"மறுநாள் போனா மழை விடல. அடுத்த வாரம் போனா சுத்திலும் நடவு நட்டுட்டாங்க. நட்ட வயல்ல எவன் வண்டிய விடுவான்? அறுப்பு ஆகட்டும்னு அத்தா திரும்பி வந்துட்டாங்க. அறுத்த கையோட உளுந்து தெளிச்சிட்டாங்க. உளுந்து எடுத்தா குறுவை. குறுவை போனா சம்பா. நெலம் காலியா இருந்தா தண்ணி, தண்ணி இல்லன்னா பயிரு. அத்தா மவுத்தாகுறவரைக்கும் வருஷா வருஷம் போயி ரோட்டுல நின்னு பாத்துட்டு, 'இந்த வருஷமும் தோதுப்படல'ன்னு வருவாங்க."

"நீங்க போய் எடுக்கலையா?"

"நான் பிளைவுட்டுக்கு மாறிட்டேங்க."

சவரிமுத்து காவலை விடவில்லை. மழைக்குப் படகுக்குள் ஒதுங்கியவர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். மறு வருடம் அந்தப் படகுக்குள்ளேயே ஒரு பையன் பிறந்தான். முன்பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்த்து அவனுக்கு அடைக்கலசாமி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் அந்தப் பள்ளத் துண்டுக்கு, சர்வே நம்பர் 87/4, மூன்று சென்ட், இலவச மனைப்பட்டாவும் கிடைத்தது. பட்டாவில் படகைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அடைக்கலசாமிக்கு இப்போது நாற்பத்தேழு வயது. கதிர் அறுக்கும் மெஷினில் டிரைவர். கடலை ஒரே ஒரு முறை, வேளாங்கண்ணிக்கு நடந்துபோனபோது பார்த்திருக்கிறார். "ஒரே எரைச்சல்" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மனைவி அமலி, கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் மூன்று படி இறங்கி இருபத்து நாலு வருடம் ஆகிறது. ஒரே மகளை அங்கிருந்துதான் குத்தாலத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

அப்பா சவரிமுத்து அவருக்கு ஒரு வேலையைக் கற்றுக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு சித்திரையிலும் பலகை இடுக்குகளைச் சுரண்டி, பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைக்க வேண்டும். பள்ளத்தில் இருக்கிற வீடு. அடுத்தவர்கள் வீடு மேலே ஒழுகும் என்றால் இவர் வீடு கீழே ஒழுகும். ஒரு வருடம்கூட அவர் அதைத் தவறவிட்டதில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அரசாங்கம் கட்டித் தரும் கான்கிரீட் வீடு. தெருவில் எல்லோருக்கும் வந்துவிட்டது. இவர் மூன்று முறை மனு போட்டு மூன்று முறையும் தள்ளுபடி. முதல் தடவை வந்தவர், கூரையா ஓடா தகரமா என்று கேட்கிற கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் அப்படியே போய்விட்டார். அப்புறம் ஆறு வருடத்துக்கு முன்னால் பெரிய புயல் அடித்தது. சேதமான படகுகளைக் கணக்கெடுக்க வந்த இரண்டு பேர், யாரோ கைகாட்ட, இங்கேயும் வந்துவிட்டார்கள்.

"படகு சேதமா?" என்று கேட்டார்கள்.

இவர் மார்தட்டி, "ஒரு பலகை நவுரல. வேணும்னா வந்து பாருங்க" என்றார்.

பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்திலேயே சேதமில்லாமல் தப்பிய ஒரே படகு என்று அது பட்டியலில் ஏறிவிட்டது. அடுத்த இரண்டு மனுவும் அதனால்தான் அடிபட்டன. சொந்தமாகப் படகு வைத்திருப்பவருக்கு ஏழை வீடு எதற்கு என்று கேட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் தெரியாமல்தான் நான் வலங்கைமானில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெளிநாட்டில் இருபது வருடம் இருந்ததில் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கே போனாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவேன். அதன்படி, ஃபஹத் குறித்துக் கொடுத்த சர்வே எண்ணோடு நேரே கிராம அலுவலகத்துக்குப் போய், 'எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த பாய்மரப் படகு தங்கள் கிராமத்தில் சர்வே எண் 87/4-இல் நல்ல நிலையில் இருப்பதாக அறிகிறேன், பார்வையிட அனுமதி வேண்டும்' என்று ஒரு மனு எழுதி, போட்டோவின் நகலையும் இணைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், "படகா? நல்லதாப் போச்சு" என்று முத்திரை குத்தினார். எது நல்லதாகப் போயிற்று என்று நான் கேட்கவில்லை.

போய்ச் சொன்னபோது அடைக்கலசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாலாவது மனு போட்டிருக்கேன் தம்பி. வெள்ளிக்கெழம ஓவர்சீயரம்மா பாக்க வர்றாங்க. இதான் கடைசின்னு சொல்லிட்டாங்க, இதுலயும் தள்ளிட்டா லிஸ்டுலேர்ந்தே பேரு போயிடும். நீங்க போட்டோவோட போயி படகுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க?"

அமலி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "யாருங்க அது?"

"நார்வேலேர்ந்து வந்திருக்காரு, நம்ம வீட்டைக் காலி பண்ண."

"ஐயோ, இல்லக்கா" என்றேன். "எனக்குப் படகு வேண்டாம். பாத்துட்டுப் போலாம்னுதான்..."

"இங்க படகு எங்க இருக்கு பாக்கறதுக்கு?" என்றார் அமலி. "சாப்பிட்டீங்களா?"

மூன்று படி ஏறி, மூன்று படி இறங்கினேன். தாத்தா நின்று போட்டோ எடுத்துக்கொண்ட முன்பலகைக்கு மேலே மிக்ஸி இருந்தது. மாதா காலண்டருக்குப் பக்கத்தில் மகளின் கல்யாணப் போட்டோ. தரை வளைந்திருந்ததால் தட்டு என்னை நோக்கி நகர்ந்து வந்துகொண்டே இருந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, வெள்ளிக்கிழமை வந்து இது படகே அல்ல என்று சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம். நான் போனில் மூன்று வானிலை ஆப்களைப் பார்த்தேன், மூன்றும் மூன்று மாதிரி பயமுறுத்தின. வெள்ளி காலை வடிகால் வாய்க்கால் நிரம்பி எதிர்த்தது. தண்ணீர் போகிற திசையை விட்டு வயல்களுக்குள் ஏற ஆரம்பித்தது. கரண்ட் விடியற்காலையிலேயே போய்விட்டது. பத்து மணிக்கு 87/4-இல் தொடையளவு தண்ணீர். முழங்கால் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தேன், அது உள்ளே நிரம்பிக் காலுக்கு ஒரு குடம்போல் கனத்தது.

ஓவர்சீயர் ஷீபா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு நடந்தே வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ஒரு கையில் பாலித்தீன் உறையில் போன். மறு கையில் இன்னொரு உறை, அதற்குள் என் மனு.

"இதுல ஜெரால்டுங்கிறது யாருங்க?"

கையைத் தூக்கினேன்.

"படகுன்னு எழுதியிருக்கீங்க."

"எழுதினேன். அது தப்பா... அதாவது எனக்குத் தூரத்துலேர்ந்து..."

"தூரத்துலேர்ந்துன்னா?"

"நார்வேலேர்ந்து."

அவர் என்னை விட்டுவிட்டு அடைக்கலசாமியிடம் திரும்பினார். "அண்ணே, எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா இதப் பாத்தா படகாதான தெரியுது?"

பக்கத்து வயல்காரர் இளையபெருமாள் தன் சம்பா நடவு மூழ்குகிறதா என்று பார்க்க வந்தவர், குடையோடு வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கேளுங்க மேடம்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "நாங்க சின்னப்புள்ளையிலேர்ந்து கேக்குறோம்."

"யோவ், நீ சும்மா இருய்யா!" என்று அவரை அடக்கிவிட்டு அடைக்கலசாமி சொன்னார்: "மேடம், உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. மாட்டுவண்டின்னா உருளணும். பஸ்ஸுன்னா ஓடணும். படகுன்னா என்ன செய்யணும்?"

"மெதக்கணும்."

"மெதக்கணும். அம்பது வருஷமா இங்க நிக்கிது. எத்தனை வெள்ளம் வந்திருக்கு! இது மெதந்து இந்த ஊர்ல ஒரு ஆளு பாத்திருக்கானா? இளையபெருமாளு, நீ சொல்லுய்யா, பாத்திருக்கியா?"

"அது... பாத்ததில்லதான்" என்றார் இளையபெருமாள், நியாயஸ்தராக.

"அவ்வளவுதான்! மெதக்காதது எப்படி மேடம் படகாவும்?"

ஷீபா யோசித்தார். நியாயம் அவருக்குப் பட்டது என்று முகத்தில் தெரிந்தது. போனை உறையிலிருந்து எடுத்து, ஆப்பைத் திறந்து, வீட்டை நோக்கித் தூக்கிப் பிடித்தார்.

வீடு ஒரு முறை முனகியது. பிறகு, வயதானவர் முட்டியில் கையூன்றி எழுந்திருப்பதுபோல, ஒரு பக்கமாகத் தூக்கி, மறு பக்கமும் தூக்கி, பனந்துண்டுகளை விட்டு எழும்பியது. கல்படிகள் மட்டும் அங்கேயே நின்றன. போஸ்ட்டிலிருந்து வந்த கரண்ட் ஒயர் இழுபட்டுப் பட்டென்று தெறித்தது. இத்தனை வருடக் குங்கிலியத்தில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை.

"யாருங்க ஆட்டுறது?" என்றார் அமலி உள்ளேயிருந்து. "பால் அடுப்புல இருக்கு!"

அடைக்கலசாமி வாயைத் திறந்தபடி நின்றார். வீடு மெதுவாகத் திரும்பி, கூம்பிய முனையைக் கிழக்கே வைத்து, மூழ்கிய வரப்பைத் தாண்டி நகர்ந்தது. கீற்றுக்கூரை மேல் உட்கார்ந்திருந்த சேவல் கீழே இறங்கவும் இல்லை, கூவவும் இல்லை. அமலி கதவில் வந்து நின்று, தன்னைத் தாண்டிப் போகிற இளையபெருமாளைப் பார்த்தார்.

"ஏங்க அண்ணே, எங்க போறீங்க?"

"நான் எங்கயும் போவலம்மா. நீதான் போற."

வீடு அவருடைய சம்பாவுக்குள் இருபதடி போய், மோட்டார் கொட்டகையில் இடித்து நின்றது. அடைக்கலசாமி அப்போதுதான் உயிர் வந்தவராகத் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினார். நான் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் போனேன். இரண்டு பேருமாகக் கன்றுக்குட்டிக் கயிற்றால் வீட்டை அங்கிருந்த தென்னை மரத்தில் கட்டினோம். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் அந்தப் படகைக் கரையில் கட்டியவர் தாத்தாவாகத்தான் இருக்கும்.

"அடைக்கலம், ஒன் வீடு என் வயல்ல வந்து நிக்கிதுய்யா" என்று கத்தினார் இளையபெருமாள். "நட்டு முப்பது நாளாவுது! வாடகைக்கு வர்றவன்கூட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான்யா வருவான்!"

"நானாய்யா ஓட்டிட்டு வந்தேன்?"

"அப்ப யாரு, ஒங்கப்பனா? மேடம் பாத்துக்கிட்டுதான இருந்தாங்க!"

மேடம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர் 87/4-இலேயே நின்று போனோடு போராடிக்கொண்டிருந்தார். மனைக்குள் நின்று எடுத்தால்தான் ஆப் போட்டோவை ஏற்கும். வீடு இருக்கிற இடத்துக்குப் போனால் இது பயனாளியின் மனை அல்ல என்று சிவப்பு எழுத்து வருகிறது. மனைக்குத் திரும்பினால் எடுப்பதற்கு வீடு இல்லை. இரண்டு முறை அங்கும் இங்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

அடைக்கலசாமி அவர் முன்னால் போய் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. "எழுதிக்குங்க மேடம். படகுதான். என்னாலதான் மெதந்துபோச்சு. ஒழுங்கா அடைக்காம விட்டிருந்தா முழுகியிருக்கும்."

ஷீபா ஆப்பில் எதையோ மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அண்ணே, இந்த எடம் உங்க பேர்ல இருக்கா?"

"பட்டா இருக்கு."

"இதுல இப்ப வீடு இருக்கா?"

அடைக்கலசாமி திரும்பிப் பார்த்தார். மூன்று கல்படிகளில் ஒன்றின் முனை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. "இல்ல."

"படகு இருக்கா?"

"...இல்ல."

"சொந்த மனை உண்டு, வீடற்றவர்னு ஒரு கட்டம் இருக்குண்ணே. அதுல படகைப் பத்தி கேள்வியே இல்ல. அவங்களுக்குத்தான் மொத எடம்." என்னைப் பார்த்தார். "சார், நீங்க எழுதிக் குடுத்ததுக்கு இன்னொண்ணு எழுதணும். 87/4-ல படகு ஏதும் இல்ல, நேரில் பார்த்தேன்னு."

நான் என் வாழ்க்கையில் எழுதியதிலேயே உண்மையான மனு அதுதான். ஷீபாவின் முதுகில் பேப்பரை வைத்து, இளையபெருமாளின் குடையின் கீழ் எழுதினேன்.

"புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றார் ஷீபா. நாலு பேரும் வீட்டுக்கு, அதாவது தென்னை மரத்துக்குப் போனோம்.

அமலி போனை வாங்கி நிதானமாக வாசித்தார். "வீடற்றவர்னா?"

"வீடு இல்லாதவங்கன்னு அர்த்தம்க்கா."

"அர்த்தம் தெரியும். நான் போட மாட்டேன்."

"அடியே!" என்றார் அடைக்கலசாமி.

"இருபத்து நாலு வருஷம் பெருக்கித் தொடைச்சிருக்கேன். பொண்ணு கேட்டு வந்த சம்பந்திங்க இந்த வீட்டுலதான் கைநனைச்சிட்டுப் போனாங்க. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு சாமியார் வந்து மந்திரிச்ச வீடு. எல்லாத்தையும் தொடைச்சிட்டு, அமலி தெருவுல நின்னான்னு எழுதுவீங்களா?"

"அக்கா, அது போன்லதான். யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாப்பேன்ல?"

மழை கொஞ்சம் விட்டிருந்தது. இளையபெருமாள் குடையை மடக்கினார். அடைக்கலசாமி வீட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவரையும் சேர்த்து ஆட்டியது.

அமலி ஷீபாவிடம் திரும்பினார். "நீ ஒண்ணு செய்யி. உள்ள வா. ஒரு வாய் காப்பி குடி. குடிச்சிட்டு, இது வீடு இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. போடறேன்."

படிகள் 87/4-இலேயே நின்றுவிட்டதால் ஷீபாவை நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றிவிட்டோம். அவர் உள்ளே மூன்று படி இறங்கினார். வெளியே நின்ற எங்களுக்கு டம்ளர் சத்தம் கேட்டது. யார் பொண்ணு, எந்த ஊரு, குத்தாலமா, அப்ப எங்க சம்பந்தி தெரு தெரியுமா என்று அமலி விசாரிப்பது கேட்டது. கால் மணி நேரம் போனது. பிறகு ஷீபாவின் குரல்:

"நல்ல வீடுக்கா."

"அத சொல்லிட்டுப் போ. கொண்டா போனை."

கையெழுத்துப் போட்ட பிறகு போட்டோ. பயனாளிகள் இருவரும் காலி மனையில் நிற்க வேண்டும். அமலி கதவைச் சாத்திக்கொண்டு, மகள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கட்டி, தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்தார். தொடையளவு தண்ணீரில் அந்தப் புடவையோடு இறங்கி வரப்பைத் தாண்டி நடந்தார். அடைக்கலசாமி ஏற்கனவே 87/4-இன் நடுவில் ஈரச் சட்டையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, சிரிக்காதீங்க" என்றார் ஷீபா, போனைத் தூக்கியபடி. "வீடில்லாதவங்க சிரிச்சா தள்ளிடப் போறாங்க. அக்கா, நீங்க கொஞ்சம் அண்ணன்கிட்ட ஒட்டி நில்லுங்க."

அமலி நகரவில்லை. வெறும் தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து அளந்தார்.

"நீங்க இங்க வாங்க" என்றார் கணவரிடம். "ஈரக்காலோட எங்க நிக்கிறீங்க? அது அடுப்படி."

அடைக்கலசாமி இரண்டடி தள்ளி வந்து நின்றார்.